பையோடு போன பல்

அத்தியாயம் 11

"பையில என்னென்ன இருந்தது? ஒண்ணு விடாம சொல்லச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் போலீஸ் அதிகாரி கேட்டபோது, பூட்டுக்கடைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

ரயில் நிலையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, காகிதம் சிக்கிக்கொண்டு முனகும் பிரிண்டர். அதிகாரிக்குத் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம். மருமகளுக்கும் அரைகுறைதான். இரண்டு அரைகுறைகளும் சேர்ந்து எப்படியோ ஒரு முழுப் புகாரை எழுதிக்கொண்டிருந்தன.

போன வாரத்து அத்தியாயத்தில் இவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று வருஷமாகப் பேசாத மகளைப் பார்க்க, அவளுக்குப் பிறந்த எட்டு மாதக் குழந்தையைப் பார்க்க, பூட்டுக்கடைக்காரர் ஒருவழியாக மனசு வைத்துக் கடல் தாண்டிக் கிளம்பியிருந்தார். துணைக்கு மகன் போனால் அப்பாவும் பிள்ளையும் விமானத்திலேயே சண்டை பிடித்துக்கொள்வார்கள் என்று மருமகளை அனுப்பினார்கள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதறுகிறவர்கள் பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குத் தொழிலே.

விமானத்திலிருந்து இறங்கி ரயில் ஏறினார்கள். ஜன்னலோரம் இதமான வெயில். இருவரும் கண் அசந்தது இருபது நிமிஷம் இருக்கும். விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் சாமான் தட்டில் மருமகளின் பெட்டி மட்டும் இருந்தது. மாமனாரின் பழுப்பு நிறப் பை இல்லை.

"பாஷ்போர்ட்டு" என்றார் பூட்டுக்கடைக்காரர், கைக்குட்டைக்குள்ளிருந்து. குரல் ஒரு மாதிரி குழைந்து வந்தது. ஜலதோஷம் என்று ரயிலை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். "ரெண்டு சட்டை. ஒரு ஸ்வெட்டர். படிக்கிற கண்ணாடி. பிரஷர் மாத்திரை. அப்புறம் என் சாமான்."

"என்ன சாமான் மாமா?"

"பூட்டுத் திறக்கிற கம்பி. ஒரு பதினாறு இருக்கும்."

எழுதிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். "அதை எதுக்கு மாமா இவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்க?"

"நான் எங்க போனாலும் அது வரும். நீ வாட்ச் கட்டிக்கிட்டு வரலையா?"

அதை ஆங்கிலத்தில் சொல்ல மருமகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கையால் பூட்டைக் காட்டி, கம்பியைக் காட்டி, திருகிக் காட்டினாள். அதிகாரியின் விரல்கள் நின்றன. அவர் பூட்டுக்கடைக்காரரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பையைப் பறிகொடுத்தேன் என்று வந்து நிற்கிற மனிதர், ஊரில் உள்ள எந்தப் பூட்டையும் திறக்கிற கம்பிகளைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்.

"தொழில்!" என்றாள் மருமகள் அவசரமாக. "நாற்பது வருஷத் தொழில். கடை இருக்கு. போர்டு இருக்கு."

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "பைக்குப் பூட்டுப் போட்டிருந்ததா?"

இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. "நானே செஞ்ச பூட்டு. இந்த உலகத்துல எவனாலயும் அதைத் திறக்க முடியாதுன்னு சொல்லு."

மருமகள் சொன்னாள். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "அவன் திறக்கவே இல்லையே. அப்படியே தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

மருமகளுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"என்ன சொல்றா அவ?"

சொன்னாள். பூட்டுக்கடைக்காரர் ஒரு கணம் முறைத்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. கைக்குட்டை நழுவியது.

வாய்க்குள் ஒன்றுமே இல்லை. மேலேயும் ஈறு, கீழேயும் ஈறு.

மருமகள் சட்டென்று பிரிண்டரைப் பார்க்கத் தொடங்கினாள். பயிற்சிக்கு வருகிறவர் கியர் மாற்றத் தடுமாறினால் அவர் கையைப் பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

"வேற ஏதாவது உண்டா?" என்று கடைசியாகக் கேட்டார் அதிகாரி.

பூட்டுக்கடைக்காரர் கைக்குட்டையைத் திரும்ப எடுத்துப் பொத்திக்கொண்டார். "அவ்வளவுதான்" என்று தலையசைத்தார்.

நிலையத்துக்கு வெளியே, டிராம் வருகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாமா, லிஸ்ட்ல கொஞ்சம் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"ஒண்ணும் விடல."

"முப்பத்திரண்டு விட்டுப்போச்சு."

ஒரு டிராம் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"ராத்திரி பூரா விமானத்துல ஈறு வீங்கிப்போச்சு. ரயில்ல ஒரு அரை மணி நேரம் கழட்டி வைக்கலாம்னு டப்பாவுல போட்டுப் பையில வெச்சேன். அரை மணி நேரம்மா! அதுக்குள்ள..." அவர் கைக்குட்டையை உதறி மடித்தார். "நாற்பது வருஷம் ஊருக்கே பூட்டுப் போட்டவன் வாயைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கியிருக்கேன்."

"திருடினவன் அந்த டப்பாவைத் தொறந்து பார்க்கணும் மாமா. அவன் முகத்தை நினைச்சுப் பாருங்க."

பெரியவருக்கு மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "சிரிக்காதே. பாப்பாகிட்ட சொல்லாதே. அவ புருஷன்கிட்ட சொல்லவே சொல்லாதே. சத்தியம் பண்ணு."

"ஏன் மாமா?"

"ஏனா? அவன் என்ன தொழில் பண்றான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் விரும்பிய பையன் பல்செட் செய்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன் பெண் கேட்டுக் கடை வாசலுக்கு வந்து நின்றான். 'ஊர்ல இருக்கிறவன் வாயில எல்லாம் கையை விடறவனுக்கா என் பொண்ணு?' என்று கேட்டுவிட்டு ஷட்டரை இறக்கியவர் இவர். அந்த ஷட்டர் சத்தத்தோடு நின்றுபோனதுதான் பேச்சு. இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வெளிநாடு வந்துவிட்டார்கள்.

"அவன் முன்னால பொக்கை வாயோட போய் நிக்கச் சொல்றியா? வேற வினையே வேண்டாம். ஹோட்டல்ல தங்கறோம். நாளைக்கு ஒரு மணி நேரம் போய்க் குழந்தையைப் பார்க்கறோம். வந்துடறோம்."

மருமகள் சத்தியம் செய்தாள்.

ஆனால் ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞன் சிரித்த முகம் மாறாமல் கையை விரித்தான். பாஸ்போர்ட் இல்லாமல் அறை கிடையாது. போலீஸ் கொடுத்த காகிதத்தைக் காட்டினார்கள். அதில் படம் இல்லையே என்றான். இந்த அம்மாவுக்கு வேண்டுமானால் அறை உண்டு, பெரியவருக்கு இல்லை.

"நீ தங்கிக்கோ. நான் அந்த ஸ்டேஷன்ல ஒரு பெஞ்சுல படுத்துக்கறேன்" என்றார் பூட்டுக்கடைக்காரர், நிஜமாகவே.

"நல்லா இருக்கு மாமா. உங்க பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் திருட்டுக் கொடுத்துட்டு வந்தேன்னு சொல்லவா?"

அவர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருமகள் போனை எடுத்து அவர் மகளை அழைத்தாள்.

"பாப்பா, ஹோட்டல் சரிப்படல. நேரா உன் வீட்டுக்கே வந்துடறோம்."

அந்தப் பக்கம் மகளின் குரல் உயர்ந்தது. "அப்பாவா அண்ணி? இங்கயா? தங்கறதுக்கா?"

"ஆமா."

"அரை மணி நேரம் கழிச்சு வாங்க அண்ணி. வீடெல்லாம் துணியா கிடக்கு!"

மூன்றாவது மாடி. படிக்கட்டுக்குக் கீழே குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. கதவுக்கு வெளியே மூன்று ஜோடி செருப்பு, அதில் ஒரு ஜோடி விரல் நீளம்கூட இல்லை. பெரியவர் அந்தச் சின்ன ஜோடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மருமகள்தான் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். இடுப்பில் குழந்தை. என்ன பேசுவது என்று மூன்று வருஷமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

"வாங்கப்பா" என்றாள்.

அவர் தலையாட்டினார். கைக்குட்டை வாயில்.

"பிரயாணம் எல்லாம் நல்லா இருந்ததா?"

மறுபடி தலையாட்டல்.

"பை திருட்டுப் போச்சாமே. ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

இந்த முறை தலையை இடம் வலமாக ஆட்டினார். குழந்தையைப் பார்த்தார். குழந்தையும் அவரை உற்றுப் பார்த்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதுகுதான்.

சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பிடித்தது ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. எல்லாமே கடித்துச் சாப்பிட வேண்டியவை. அவர் தண்ணீரைக் குடித்தார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, பசியில்லை என்று கையசைத்தார். மகள் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தேவைக்கு மேல் சத்தம் வரும்படி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறந்தது. திறந்தபடியே ஓடியது.

மருமகள் மாமனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ அழறா மாமா."

"ஏன்?"

"மூணு வருஷம் கழிச்சு வந்து ஒரு வார்த்தை பேசல. அவ சமைச்சதைத் தொடல. இன்னும் கோபம் தீரலன்னு நினைக்கிறா."

"அய்யய்யோ. நான் எப்படிம்மா பேசறது? பேசினா தெரிஞ்சுடுமே."

"எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. நான் சத்தியம் பண்ணிட்டேன், சொல்ல மாட்டேன். நீங்க சத்தியம் பண்ணலையே. நீங்க சொல்லலாம்."

பூட்டுக்கடைக்காரர் தரையில் விரிப்பில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அது ஒரு பிளாஸ்டிக் வளையத்தை ஈறால் கடித்துக்கொண்டு எச்சில் ஒழுகக் கிடந்தது. அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார்.

"பாப்பா."

மகள் திரும்பவில்லை. அவர் கை நீட்டிக் குழாயை மூடினார்.

"என்னைப் பாருடி."

திரும்பினாள். அவர் டாக்டரிடம் காட்டுவது போல வாயை ஆவென்று திறந்தார்.

"என் பல்லும் திருட்டுப் போச்சு."

அவர் வாயிலிருந்து அது 'திழுத்துப் போச்சு' என்று வந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. அவர் விரலால் மேல் ஈறைத் தொட்டுக் காட்டினார், கீழ் ஈறைத் தொட்டுக் காட்டினார். புரிந்ததும் மகள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்த தண்ணீரும் அதோடு சேர்ந்து வழிந்தது.

"இதுக்காப்பா பேசாம இருந்தீங்க?"

"வேற எதுக்கு?"

"நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"நீ நினைச்சது போன வருஷம் வரைக்கும் சரி. இன்னைக்குப் பல்லு மட்டும்தான்."

மகள் புடவை முந்தானையோ கைத்துண்டோ தேடாமல் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த மருமகள் ஓசைப்படாமல் கூடத்துக்குத் திரும்பினாள்.

பிறகு சாப்பாடு மறுபடி மேஜைக்கு வந்தது, குழந்தைக்கு மசிப்பது போலவே மசித்து. பேத்தியின் உயர நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டார்கள். தாத்தாவுக்கு ஒரு கிண்ணம், பேத்திக்கு ஒரு கிண்ணம். குழந்தை அவர் வாய் அசைவதையே பார்த்தது. அவர் வாயைத் திறந்து சிரித்தார். இப்படி ஒரு வாயைப் பெரியவர்களிடம் அது பார்த்ததே இல்லை. கையைத் தட்டிக்கொண்டு அதுவும் சிரித்தது. கீழ் ஈறில் அரிசி முனை போல ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"போன வாரம்தான் வந்தது" என்றாள் மகள். "உங்களுக்கு அவ ஒரு பல்லு முன்னால இருக்கா."

மகள் கணவனுக்குப் போன் செய்யப் போனாள். பெரியவர் தடுத்தார்.

"அவனுக்கு எதுக்குச் சொல்றே?"

"அப்பா, அவர் வேலையே அதுதானே."

"அதனாலதான் சொல்றேன், வேண்டாம். ஊருக்குக் கிளம்ப மூணு நாளு. ஓட்டிடுவேன்."

"மூணு நாளா?" என்றாள் மருமகள். "பாஸ்போர்ட்டுக்காக நம்ம எம்பஸிக்குப் போன் பண்ணிட்டேன் மாமா. புதுசு கைக்கு வர மூணு வாரமாவது ஆகுமாம்."

பூட்டுக்கடைக்காரர் கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டே அதை யோசித்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தான். ஒல்லியாக, நெற்றியில் பாதிக்கு ஏறிய கண்ணாடியோடு, விரல் நகங்களில் வெள்ளைச் சாந்து ஒட்டியிருக்க வந்தான். மாமனாரைப் பார்த்ததும் நின்றான்.

"வாங்க மாமா. எப்ப வந்தீங்க?"

"மத்தியானம்" என்றார் அவர், உதட்டைத் திறக்காமல் சொல்ல முடிந்த அளவுக்கு.

நாள் முழுக்க வாய்களையே பார்க்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். உள்ளடங்கியிருந்த உதட்டை ஒரு கணம் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துவிட்டான். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "மாமா, என் பட்டறையைப் பார்க்கறீங்களா? கீழதான், இதே கட்டடம்" என்றான்.

அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று பெரியவருக்குத் தெரிந்தது. கண்டுபிடித்ததை நாலு பேர் நடுவில் போட்டு உடைக்கவில்லை என்பதும் தெரிந்தது. எழுந்தார்.

"நாங்களும் வர்றோம்" என்றாள் மகள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு.

தரைத்தளத்தில் இரண்டு சின்ன அறைகள். சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்கச் சாந்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஜன்னலோரம் வேலை மேஜை. அதில் சின்னச் சின்ன அரங்கள் அளவு வாரியாகக் கிடந்தன. பூட்டுக்கடைக்காரர் தாடைகளை விட்டுவிட்டு நேரே மேஜைக்குப் போனார். ஒரு அரை வட்ட அரத்தை எடுத்துக் கட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினீங்க?"

மூன்று வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. அதுவும் 'நீங்க' போட்டு.

"இங்க கிடைக்கிறது மொழுமொழுன்னு இருக்கும் மாமா. நகை வேலைக்காரங்களுக்கு வர்றதைச் சொல்லி வெச்சு வாங்கறேன்."

"நானும் அதான் வெச்சிருக்கேன். சாவிக்கு." அரத்தை வைத்தார். வைத்த கை அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "திருட்டுப் போச்சு. பையோட."

"அரமா மாமா?"

"பல்லு."

"முப்பத்திரண்டும்" என்றாள் மருமகள்.

"செட்டுல இருபத்தெட்டுதான் அக்கா இருக்கும்."

"அப்ப போலீஸ்ல போய்ச் சொல்லும்போது சரியாச் சொல்லணும்."

மாப்பிள்ளை சிரிக்காமல் நாற்காலியைத் துடைத்தான். "உட்காருங்க மாமா. முதல்ல அச்சு எடுத்துடலாம்."

அவர் உட்கார்ந்தார். அவன் கையைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டு வேகமாகக் குழைத்தான். குதிரை லாடம் போல ஒரு தட்டில் அதை நிரப்பினான்.

"இறுகறதுக்கு மூணு நிமிஷம் ஆகும். பேச முடியாது. மூக்கால மூச்சு விடுங்க. வாயைத் திறங்க மாமா."

பூட்டுக்கடைக்காரர் வாயைத் திறந்தார். தட்டு உள்ளே போயிற்று. அவன் இரண்டு விரலால் அதைத் தாங்கிப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். குழந்தை ஏதோ சொன்னது.

"நீங்க பதில் சொல்ல முடியாத நேரத்துல பேசறது நியாயமில்லைதான் மாமா" என்றான் அவன், கடிகாரத்தைப் பார்த்தபடியே. "ஆனா நீங்க பதில் சொல்ற நேரத்துல நான் பேசி முடிச்சதே இல்லை."

மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னைக்குக் கடைக்கு வந்தேன். திட்டினீங்க. என்ன திட்டினார்னு இவ அப்புறம் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. ஏன்னா பாதி என் காதுலயே விழல. நீங்க பேசப் பேச, உங்க மேல் செட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ இறங்குது. நாக்கால அதை மேல தள்ளித் தள்ளி வெச்சுக்கிட்டே திட்டறீங்க. எவன் இந்த அளவு எடுத்தான், இதை வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் எப்படிச் சாப்பிடறார், எப்படிக் கடையில நாள் பூரா பேசறார்னுதான் எனக்கு ஓடிட்டிருந்தது. கேட்டுடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள ஷட்டரை இறக்கிட்டீங்க."

பெரியவரின் மூக்கிலிருந்து மூச்சு மட்டும் சத்தமாக வந்தது.

"எனக்குக் கோபம் இல்லாம இல்ல. இருந்தது. ஆனா அந்த செட்டைத்தான் அடிக்கடி நினைச்சுப்பேன். அவ்வளவுதான் மாமா. ஆச்சு, மூணு நிமிஷம்."

தட்டை அசைத்து வெளியே எடுத்தான். பூட்டுக்கடைக்காரரின் உதட்டோரத்தில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. மருமகள் காகிதத் துண்டைக் கொடுத்தாள். அவர் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒன்பது வருஷம்" என்றார்.

"என்னப்பா?"

"அந்த செட்டு. ஒன்பது வருஷமா ஒரு ஆப்பிள் கடிச்சதில்ல. உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல." மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். அவன் காத்துக்கொண்டிருந்தான். "கீழயும் எடுங்க" என்று வாயைத் திறந்தார்.

இந்த முறை தட்டு உள்ளே போனதும் மகள் முன்னால் வந்தாள். "இப்ப நான் பேசறேன். இவரை வாயடைச்சு நான் பார்த்ததே இல்ல, விட்டா கிடைக்காது." குழந்தையை மருமகளிடம் கொடுத்தாள். "கல்யாணத்துக்கு நீங்க வரலப்பா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இங்க கொஞ்ச நாள் இருந்தீங்கன்னா குறையும்னு தோணுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்கினார். கை காற்றில் எதையோ தேடியது. மகள் தன் கையைக் கொடுத்தாள். மிச்ச இரண்டு நிமிஷமும் அப்படியே போயிற்று.

அச்சுகள் இரண்டையும் தண்ணீரில் கழுவி மேஜையில் வைத்தான் மாப்பிள்ளை. பூட்டுக்கடைக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தன் ஈறின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் பதிந்திருப்பதைத் தொழில்காரர் கண்ணோடு பார்த்தார்.

"சுத்தமா விழுந்திருக்கு" என்றார். "எத்தனை நாள் ஆகும்?"

"அவசரமாச் செஞ்சா மூணு நாள்ல குடுத்துடலாம். நல்லாச் செய்யணும்னா மெழுகுல வெச்சுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்."

"நல்லாவே செய்யுங்க மாப்பிள்ளை" என்றார் பூட்டுக்கடைக்காரர். "எனக்கு என்ன அவசரம்?"

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு மகள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் குழந்தையின் உச்சியை முகர்ந்துகொண்டாள். அவன் மட்டும் திரும்பி நின்று, ஏற்கனவே கழுவிய ரப்பர் கிண்ணத்தை இன்னொரு தரம் கழுவினான்.

வெயில் இறங்கும் நேரம் மேலே வந்தார்கள். குழந்தைக்குக் குளிரும், அலமாரி இரண்டாவது தட்டில் போர்வை இருக்கிறது என்று மகள் சமையலறையிலிருந்து சொன்னாள். மருமகள் போய் எடுத்தாள். போர்வை மடிப்பிலிருந்து ஒரு போட்டோ நழுவிக் காலடியில் விழுந்தது.

இதே வீடு. இதே ஜன்னலோர நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தது மாமியார். மடியில், கண்கூடத் திறக்காத பச்சைக் குழந்தை.

மருமகள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எட்டு மாதத்துக்கு முன் அத்தை மூன்று வாரம் ஊரில் இல்லை. மூட்டு வலிக்கு வைத்தியம், அக்கா வீட்டில் தங்கிச் செய்துகொள்கிறேன் என்று போனார். பெட்டி கட்டிக்கொடுத்தது மருமகள். பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனது அவள் கணவன். வீடு திரும்ப அவனுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. டயர் பஞ்சர் என்றான்.

'இருக்கட்டும், உங்களுக்கு இருக்கு' என்று கணவனை நினைத்துக்கொண்டே போட்டோவைத் திரும்பப் போர்வைகளுக்கு அடியில் செருகினாள்.

கூடத்துக்கு வந்தால், மாமனார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகளின் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிறு பிள்ளை முகம் போல இருந்தது.

"உங்க அத்தைக்குப் போடச் சொன்னேன்மா. பாவம், கால் வலி இல்லேன்னா அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். பேத்தியை அவ நேர்ல பார்த்ததே இல்லையே!"

"மாமா, கொஞ்சம் இருங்க..." என்றாள் மருமகள். சமையலறையிலிருந்து மகளும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் திரையில் அத்தையின் முகம் வந்துவிட்டது. பூட்டுக்கடைக்காரர் குழந்தையைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தார்.

"அடி என் தங்கமே!" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் அறையை நிறைத்தது. "என் ஒரு கைக்குள்ள அடங்கிக் கிடந்தவளா இவ? எப்படி வளர்ந்துட்டா பாரேன்!"

மகள் தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டான். மருமகள் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டுக்கடைக்காரர் குழந்தையை மெல்ல மடிக்கு இறக்கினார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"உன் கைக்குள்ளயா? எப்போ?"

கோபமாகக் கேட்டாரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

"ஹலோ?" என்றார் அத்தை. படமும் குரலும் பளிச்சென்றுதான் இருந்தன. "ஹலோ, ஹலோ? என்னங்க சொன்னீங்க? ஒண்ணுமே கேட்கலையே!"